உள்ளூரில் ஆள் இல்லை

ஊர் நிறைய ஆள் இருக்கும்போது ‘உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை’ என்று எழுதித் தருவதற்கு ஆக்லாந்தில் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆறு வருடம் அதை வாங்கியவள் நான்.

ஆக்லாந்தின் ஆல்பனிப் பகுதியில், மாலுக்குப் பின்புறம் எங்கள் அலுவலகம். வேலைக்கு ஆள் பிடித்துத் தருவது தொழில். ஒரு தொழிற்சாலை வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைக்க வேண்டுமானால், முதலில் உள்ளூரில் தேடிப் பார்த்ததாகக் காட்ட வேண்டும். தேடுவதும் நாங்கள், கிடைக்கவில்லை என்று கடிதம் கொடுப்பதும் நாங்கள். இன்டர்வியூவுக்குப் போய், ‘கூப்பிடுகிறோம்’ என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் என்ன நடக்கிறது என்று இன்று சொல்லிவிடுகிறேன். வயிறு எரிந்தால் நான் பொறுப்பல்ல.

பதினாலு நாள் விளம்பரம்

வடக்கே, காரில் நாலரை மணி நேரம் போனால், கடலோரமாக, இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ஊர் ஒன்று. அங்கே ஒரு சிப்பித் தொழிற்சாலை. கடலில் வளர்த்த சிப்பியைப் பிளந்து, சதையை எடுத்து, உறைய வைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் சிப்பி எடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். இப்போது அவர்களுக்குக் கிடைப்பது சீசன் வேலை மட்டும். சீசன் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வருடம் அபூர்வமாக ஒரு நிரந்தர வேலை வந்தது: ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

இணையத்தில் பதினாலு நாள் விளம்பரம் போட்டோம். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. எப்படி வரும்? அந்த ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் போனோடு குன்று ஏற வேண்டும். நான் விளம்பரத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஊரில் இருந்த ஒரே டெய்ரிக்கு (இங்கே மூலைக்கடையை அப்படித்தான் சொல்வார்கள்) தபாலில் அனுப்பி, கடைக் கதவில் ஒட்டச் சொன்னேன். ஒரே வாரத்தில் பதினொரு பேர் குன்றேறிக் கூப்பிட்டார்கள். பெருமையாகப் போய் பாஸிடம் சொன்னேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

“நான் உன்னை விளம்பரம் போடத்தான் சொன்னேன், ஆளை வரவழைக்கச் சொல்லலையே!”

சிப்பிக்கு லைசென்ஸ்

அந்தப் பதினொரு பேரில் முதலில் கூப்பிட்டவள் ஹேனா. முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். ஒன்பது சீசன் அதே தொழிற்சாலையில் சிப்பி பிளந்தவள். சூப்பர்வைசர் லீவு போட்ட நாட்களிலெல்லாம் ஷிஃப்டை நடத்தியதும் அவள்தான். இதைவிடப் பொருத்தமான ஆளை நான் ஆறு வருடத்தில் பார்த்ததில்லை. ஆனால் விளம்பரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: தனியாகக் கார் ஓட்டும் லைசென்ஸ் கட்டாயம். ஹேனாவிடம் இருந்தது பழகுநர் லைசென்ஸ்.

நாள் முழுக்கக் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நிற்கிற வேலைக்கு எதற்கு லைசென்ஸ்? தொழிற்சாலையைக் கேட்டேன், உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த படிவம் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் கேட்டேன், தொழிற்சாலை கேட்டது என்றார்கள். கிளறிப் பார்த்தால், என்றோ லாரி டிரைவருக்குப் போட்ட விளம்பரத்தை யாரோ அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். அந்த நிபந்தனையை நீக்கிவிடலாமே என்றால், ‘இருக்கட்டும், வடிகட்ட உதவும்’ என்றார் பாஸ்.

சரி, லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்றால், டெஸ்ட் நடப்பது ஒன்றரை மணி நேரத் தொலைவில். பஸ் கிடையாது. அவள் ஓட்டிப் போவதானால் முழு லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் வீட்டில் அப்படி இருந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன். அவன் ஊரில் வேலை கிடைக்காமல் இங்கே ஆக்லாந்தின் ஒனிஹங்காவுக்கு வந்து நாலு வருடமாகிறது. இதையெல்லாம் பக்கத்து மேசை சிவநேசன் அண்ணாவிடம் சொல்லிப் பொருமினேன். யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமாகத் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏன் தங்கச்சி, அந்தச் சிப்பி என்ன காரில ஏத்தினால்தான் வாய் திறக்குமோ?”

மூன்று நாள்

அடுத்தது ஹேனாவின் கோப்பு. தொழிற்சாலை மேனேஜர் அதில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நம்பகமற்றவர். போன சீசனில் மூன்று நாள் வரவில்லை.’ அவளிடமே கேட்டேன். அவளுடைய சித்தி இறந்திருக்கிறார். அவர்கள் வழக்கப்படி உடலை மராயில், அதாவது குலத்தின் பொதுக்கூடத்தில், மூன்று நாள் வைத்திருப்பார்கள். வீட்டுப் பெண்கள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஹேனா முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அதைவிட அநியாயம், முதல் நாள் அதே மேனேஜர் மலர்வளையத்தோடு வந்து, அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் மாமனார் காரியத்துக்கு நான் மதுரையில் பதினாறு நாள் இருந்துவிட்டு வந்தேன். ஆல்பனியில் எல்லோரும் அனுதாபக் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். என் கோப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. இதை ஹேனாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

“மூணாம் நாள் பெட்டியைத் தூக்கின ஆம்பளைங்க நாலு பேரு அதே ஷிஃப்டுதான். அவங்க கோப்புலயும் இதையே எழுதியிருக்காரான்னு பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். எழுதியிருந்தார்.

கையெழுத்து

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, கிளென்ஃபீல்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி ஹேனா வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து என் காரை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தார் போடாத ரோடு, எதிரே மரம் ஏற்றிய லாரிகள். என் உயிர் என் கையில் இல்லை, அவளோ ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கி வழிவிட்டு நிதானமாக ஓட்டினாள். டெஸ்டில் முதல் தடவையே பாஸ். வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஆள் தயார் என்றேன். கடிதம் புதன்கிழமையே போய்விட்டதாம். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, கீழே என் பெயர், கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த என் கையெழுத்து. என்னைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம் என்று தெருவில் நின்று கத்தினேன். பாஸ் குரலை உயர்த்தவே இல்லை.

“கையெழுத்துதாம்மா உன்னுது. கடிதம் கம்பெனியோடது.”

புது சூப்பர்வைசர்

மூன்று மாதம் கழித்து செந்தில் வந்து சேர்ந்தான். ஈரோட்டுப் பையன், மெக்கானிக்கல் படித்தவன், சிப்பியைப் படத்தில் பார்த்தவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த கடிதத்திலும் அதே வரிதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் குன்றேறி எனக்குப் போன் போட்டான்.

“அக்கா, இங்க ஹேனான்னு ஒருத்தங்கதான் எனக்கு வேலை கத்துக்கொடுக்கிறாங்க. உங்களையே போட்டிருக்கலாமேன்னு கேட்டேன். உள்ளூர்ல ஆள் கிடைக்கலையாம்க்கா!”

அன்றைக்கே உட்கார்ந்து, கம்பெனி அனுப்பிய கடிதம் பொய், ஆள் இருந்தார், அவர் பெயர் ஹேனா என்று அரசாங்கத்துக்கு எழுதினேன். இந்த முறை பேனாவால் கையெழுத்துப் போட்டேன். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. இப்போதும் விசாரிக்கிறார்கள். ஹேனா இப்போதும் சீசன் ஆள்தான். என் புகாரால் செந்திலின் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கு என்மேல் கோபம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“என் வேலையை அந்தப் பையன் எடுக்கலை. உங்க தாள்தான் எடுத்துச்சு.”

அரசாங்கத்துக்கு எழுதிய அடுத்த வாரமே என் வேலை போயிற்று. ஆல்பனியில் அந்த மேசைக்கு இப்போது ஆள் தேடுகிறார்களாம், உள்ளூரில் கிடைக்கவில்லையாம்.