அம்மன் கோபித்துக்கொள்வாளாம்!

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன பங்குனியில் என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை அவருக்கு. நல்ல உடம்பு. வாசலில் வேப்பிலை கட்டினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். முறைப்படி எல்லாம் செய்தோம். ஆனால் நாலைந்து நாளில் அவருக்கு இருமல் பிடித்து, மூச்சு வாங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தாலும் முடியவில்லை, படுத்தாலும் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவருடைய அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா ஊட்டுக்கு வந்துக்கிறா. ஊசி கீசி போட்டா கோச்சிக்குவா. நீ கம்முனு கெட."

அதற்குப் பயந்து நானும் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். அவர் உதடு கறுத்துப்போனது. பூஜை அறையில் நின்று கத்தினேன். "நீ தாயா, இன்னா? புள்ள மூச்சு முட்டுறத பாத்துக்கினு இருப்பியா? போவணுமா வேணாமா, உன் வாயால சொல்லு!"

சாயங்காலம் எங்கள் கோயில் பூசாரி தீர்த்தம் கொடுக்க வந்தார். பகலில் அவர் லோடு ஆட்டோவில் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார்.

"இன்னாம்மா, மூச்சு இப்டி வாங்குது! ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"ஆத்தா கோச்சிக்குவான்னு சொல்றாங்கண்ணா."

"தெனம் அவளுக்குத் தண்ணி ஊத்தி பொடவ கட்டுறவன் நானு. எங்கிட்ட அப்டி ஒண்ணும் சொல்லலியே! தூக்கு, வண்டி வாசல்லதான் கீது."

கேன்களைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, இவரை ஏற்றிக்கொண்டு போனார். நான் கேட்டதற்கு அம்மா அனுப்பிய பதில் அதுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். "எங்களால ஆனதப் பண்ணிட்டோம்மா. இனி உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு பாக்கணும்" என்றார் டாக்டர். அக்கா போன் மேல் போன். மொட்டை வேண்டிக்கொள், கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொள் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளிடம் போய்ப் பேரமா பேசுவார்கள்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஒன்றுதான் சொன்னேன். "என்னால ஆனது இவ்ளோதான். இனிமே என் கைல இல்ல. உன் புள்ள, நீ பாத்துக்கோ." சொல்லிவிட்டு அழுதேன். அன்றுதான் பல நாள் கழித்து ஒரு வாய் சாப்பிட்டேன்.

அவர் பிழைத்தார். இப்போது லோடு தூக்க முடிவதில்லை. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக உட்காருகிறார். அது போதும் எனக்கு. தாயே, உனக்குக் கோடி நன்றி.

ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் அம்மைதான். அவர் மனைவி லட்சுமியும் என்னோடு அதே கதவுக்கு வெளியே நின்று, அதே தாயைத்தான் கூப்பிட்டாள். அவர் போய்விட்டார்.

ஆடியில் கோயிலுக்கு அவளையும் கூப்பிட்டிருந்தேன். அவள் காதுபடவே அக்கா எல்லோரிடமும், "எங்க பக்திதான் என் தம்பிய காப்பாத்துச்சி" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்போ இவளுக்கு பக்தி இல்லியா? இன்னொரு வாட்டி அந்த வார்த்தய என் எதுருல சொல்லாதீங்க" என்றேன்.

லட்சுமி கும்பிடவில்லை. சிலையை முறைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "உனுக்குக் குடுத்தா. என்னுத எதுக்குடி எடுத்துக்கினா?"

"தெரியலடி. சத்தியமா தெரியல. அவளயே கேளு, நானும் கூட நிக்கிறேன்."

அன்பானவர்களே, அவள் ஏன் கொடுக்கிறாள், ஏன் எடுக்கிறாள் என்று நமக்கு எட்டாது. எட்டியதுபோல் பேசி, நொந்தவர்களை மேலும் நோகடிக்காதீர்கள். மருந்து கொடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியை அவளிடம் விட்டுவிடுங்கள். கோபமிருந்தால் கோபத்தோடேயே வாருங்கள். அன்று லட்சுமி சாமியைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்து, "தாயே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.