சுவருக்கு அந்தப் பக்கத்துக் கூச்சல்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் முதல் போன் அவருக்குத்தான் வரும். சாவியும் டார்ச்சுமாக ஓடிப்போய், மூடிய கதவருகே வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், இதோ திறந்துடும்" என்று பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அந்தக் குரலில் அடங்கிவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு பரிவாகப் பேசுகிற மனிதர், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த அண்ணனிடம் வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பெரிய பகை? அப்பா வீட்டை இரண்டாகப் பிரித்தபோது நடுச்சுவர் தன் பக்கம் ஒரு சாண் தள்ளி வந்துவிட்டதாம். ஒரு சாண்! அதில் ஒரு நாற்காலிகூடப் போட முடியாது.

பேச்சு நின்றதே தவிர ரக்பி நிற்கவில்லை. இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே அந்தப் பைத்தியம். அண்ணனிடம் மாடியில் கட்டிய பழைய ஆன்டெனா. தம்பி வீம்புக்கு இன்டர்நெட்டில் படம் வருகிற பெரிய டிவியாக வாங்கினார். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் சில நொடி பிந்தி வந்தது. இவர் திரையில் ஆட்டக்காரன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பான், அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் "டிரை!" என்று கூரை அதிரக் கத்திவிடுவார். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம்? லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிச் சுவரில் இரண்டு அடி வைப்பார். "வேணும்னே கத்துறான்" என்று பல்லைக் கடிப்பார். தனிக்கட்டை, சமாதானம் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

இந்த மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். நெஞ்சு வலி. லிஃப்ட்காரர் கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக நின்றுவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டார். அழுகை வரவில்லை. வராததை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

பிறகு சர்வதேச ரக்பிப் போட்டிகள் தொடங்கின. முதல் சனி, ஞாயிறு. சனிக்கிழமை பிற்பகல் வெளிநாட்டு அணிகள் இரண்டு மோதின. இனி யாரும் முந்திக்கொண்டு கெடுக்க முடியாது என்று காலை நீட்டி உட்கார்ந்தார். பார்க்க முடியவில்லை. ஒருவன் ஓரக்கோட்டை ஒட்டிப் பாய்ந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது டிரை முடிந்து, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததும் அப்படியே. சுவரைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே டிவியை அணைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொந்த நாட்டு ஆட்டம். பார்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் எதிராளியின் கோட்டருகே குவிந்து முட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கண்ணை மூடப் போனார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், கூச்சத்தோடு: "டி... டிரை!"

திடுக்கிட்டுக் கண்ணை அகலத் திறந்தார். திரையில் நம் ஆள் ஒருவன் கோட்டின்மேல் விழுந்தான். பந்து கை நழுவி முன்னால் உருண்டது. செல்லாது என்று ரெஃப்ரி கையை ஆட்டிவிட்டார். லிஃப்ட்காரர் செருப்பைத் தேடவில்லை. டிவி ஓடிக்கொண்டிருக்க, எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

ரக்பி பந்து உருண்டையா நீளமா என்பதுகூட அண்ணிக்குத் தெரியாது என்று அண்ணன் அந்தக் காலத்தில் கேலி செய்வார். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"தப்பாக் கத்திட்டேனா தம்பி?"

"நீங்க எதுக்கு அண்ணி கத்துறீங்க?"

"நேத்து உங்க டிவி பாதியில நின்னு போச்சே. எனக்கு மனசு கேக்கல. சின்ன வயசுல ஆட்டம் சூடு பிடிச்சா நீங்க கண்ணை மூடிக்குவீங்களாம். என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு அவரைத்தான் கேப்பீங்களாம். 'நான் சொல்லலைன்னா அவன் எப்படிடி பாப்பான்'னு சொல்வாரு. கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல."

"நான்... செருப்பால அடிப்பேன் அண்ணி. சுவத்துல."

"தெரியுமே. அது கேட்டாத்தான் அவருக்கு நிம்மதி. 'தம்பிக்குக் கேட்டுடுச்சு'ன்னு சாஞ்சு உக்காந்துக்குவாரு."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், விக்கி விக்கி அழுதார். அண்ணி தடுக்கவில்லை. அடங்கிய பிறகு உள்ளே கூட்டிப்போய் அண்ணனின் நாற்காலியில் உட்கார வைத்தாள். அது நடுச்சுவரை ஒட்டியே கிடந்தது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணனின் டிவியில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. கடைசியில் நம் ஆள் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தை அமுக்கினான். லிஃப்ட்காரர் கண்ணை மூடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, "டிரை!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பிறகு இருவரும் காத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத லிஃப்ட்காரரின் அறையில், அவருடைய டிவியிலும் சில நொடி கழித்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. செருப்புச் சத்தம் வரவில்லை.