ஹாலிதாவின் பூங்காச் செலவு

முல்லைத்தீவில் இடியப்பம் அவித்து விற்கிறவள் ஹாலிதா. போன வருசம் கொழும்புப் பக்கத்து விளையாட்டுப் பூங்காவில் அவளுடைய பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டபோது, கணவனின் தம்பி றிப்னாஸ் எல்லோர் முன்னாலும் "பிச்சைக்காரக் கூட்டம்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காகவே அவள் வருசம் முழுக்கக் காசு சேர்த்தாள். இம்முறை இரு குடும்பமும் சில நாள் தங்க அதே பூங்காவுக்குப் போனபோது, ஒவ்வொரு நாள் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் ஆசைக்கும் தனித்தனியாகப் பிரித்து எடுத்துப் போனாள். றிப்னாஸோ முதல் நாளே எல்லாவற்றையும் வாரி இறைத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் அவள் முன்னால் வந்து நின்றான்.

"மதினி, கொஞ்சம் காசு தாங்கோ. ஊருக்குப் போய்த் தாறன்."

ஹாலிதா அவனுடைய பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தன் பிள்ளைகளோடு இருத்தி, எல்லோருக்கும் சோறு வாங்கினாள்.

"பிள்ளையள் சாப்பிடட்டும். உமக்குத் தர மாட்டன். நிண்டு பாரும்."

அவன் பசியோடு நிற்க, அவள் கோழிக்காலை ஆற அமரக் கடித்தாள்.