பெயர் சொல்லாத புகார்

விரிவுரையாளர்களின் மனக்குறைகளைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. பணி ஓய்வுக்குக் காத்திருந்த என் தலையில் அதைக் கட்டினார்கள். குறைதீர்ப்பாளர் என்று பட்டம். தீர்க்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. யார் பக்கமும் சாயக் கூடாது, வந்தவர் யார் என்று செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. இவ்வளவு ரகசியத்துக்கும் எனக்குக் கொடுத்த அறை பேன்ட்ரிக்கு நேர் எதிரில் இருந்தது. தேநீர் கலக்க வருகிறவர்கள் எல்லோரும் என் கதவைப் பார்த்துக்கொண்டுதான் கலக்குவார்கள்.

முதலில் வந்தவள் விவரமானவள். வெள்ளிக்கிழமை மதியம், பாதிப் பேர் தொழுகைக்கும் மீதிப் பேர் சாப்பாட்டுக்கும் போயிருந்த நேரம் பார்த்து வந்தாள். புள்ளியியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். பாலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, முனைவர் பட்டம் வரைக்கும் வந்தவள். உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மீட்டிங்ல ஹெட் என்னை மாதிரி பேசிக் காட்டுறாரு டாக்டர். என் இங்கிலீஷ. இடுப்புல கைய வச்சிக்கிட்டு, தோட்டத்து ஆளுங்க பேசற மாதிரி இழுத்து இழுத்து. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்னா பண்றது?”

“எல்லா மீட்டிங்லயுமா?”

“எல்லாத்துலயும்தான். இப்ப ஸ்டூடண்ஸும் ஆரம்பிச்சிட்டானுங்க. போர்டு பக்கம் திரும்புனா போதும், பின்னால என் குரலே கேக்குது. கிளாசுக்குப் போகவே பிடிக்கல, அக்கா. அவரு நிறுத்துனா போதும். வேற ஒன்னும் வேணாம்.”

எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டேன். ஐயோ வேண்டாம் என்று பதறினாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையில் இருந்தது. பெயர் சொல்லாமல் நான் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன். தலையாட்டினாள். அக்கா என்று என்னைக் கூப்பிட வேண்டாம், நான் யார் பக்கமும் இல்லை என்றும் சொல்லி அனுப்பினேன். அதுவும் விதிதான்.

துறைத்தலைவரும் தமிழர்தான். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரக் குடும்பம், ஜொகூர் பாருவில் பெரிய வீடு, வெளிநாட்டுப் படிப்பு. மற்ற தமிழர்களைப் பார்த்துத் தன்னையும் எடைபோட்டுவிடுவார்களே என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. தோட்டத்து வாடை அடிக்கிற எவரையும் முதலில் தானே கேலி செய்துவிட்டால், தான் வேறு சாதி மனிதன் என்று எல்லோருக்கும் புரியும் அல்லவா. அந்த ஆளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிடிக்காததை முகத்தில் காட்டாமல் அவர் அறைக்குப் போய், கூட்டங்களில் அவர் மற்றவர் போலப் பேசிக் காட்டுவது சிலரைப் புண்படுத்துகிறது என்றேன்.

“நம்ம ஆளா டாக்டர்?” என்றார்.

“சொல்ல முடியாது.”

“சரி, விடுங்க. தப்புன்னா தப்புதான். எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுர்றேன். நீங்களும் மீட்டிங்குக்கு வாங்க, சாட்சியா இருங்க.”

காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. பூரித்துப்போய் வெளியே வந்தேன்.

கூட்டத்துக்குக் கறிபாப், தேநீர் எல்லாம் வரவழைத்திருந்தார். ஏர்கோன் குளிரில் மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று கைகூப்பினார். தன் விளையாட்டுப் பேச்சால் யாரோ புண்பட்டிருப்பதாகக் குறைதீர்ப்பாளர் சொல்கிறார், அந்த ஒருவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்காமல் தூக்கம் வராது என்றார் ஆங்கிலத்தில். பிறகு ஒவ்வொரு நாற்காலியாகப் போய், குனிந்து, “நீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார். இல்லை, இல்லை என்று ஒவ்வொருவரும் சிரித்தார்கள். அலமாக், நான் இல்லை டாக்டர் என்று ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். அவர்களில் பாதிப் பேரின் ஆங்கிலம் அவளுடையதைவிடக் கேவலம்.

அவள் நாற்காலிக்கு வந்ததும் நின்றார். “உங்களுக்குப் புரியணும்னு தமிழ்லயே கேக்குறேன்மா. நீங்களா?”

மொழி மாறியதிலேயே மேசை முழுவதும் கேலியைப் புரிந்துகொண்டு சிரித்தது. அவள் முகம் வெளுத்துப்போனது.

“நானா? சேச்சே. நான் ஏன் டாக்டர்? ஜோக்குதானே லா.”

“அப்ப உங்களுக்கு ஒன்னும் இல்ல?”

“ஒன்னும் இல்ல டாக்டர்.”

“அப்ப இனிமேயும் பண்ணலாமா? பெர்மிஷன் குடுங்க.”

“பண்ணுங்க டாக்டர்.”

பண்ணினார். இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஆட்டி, அவள் பாடம் நடத்துவது போல ஆரம்பம் முதல் கடைசி வரை செய்து காட்டினார். இதுவரை அவளைக் கேட்காமல் செய்ததை இப்போது அவள் அனுமதியோடு, என் முன்னிலையில் செய்தார். அறை அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் கண் என் மேலேயே இருந்தது. நான் யாரைப் பார்க்கிறேன், யாருக்காக முகம் சுருங்குகிறேன் என்று வேவு பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கினால் அவளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

“அவரு செஞ்சதக்கூடத் தாங்கிக்குவேன். நீங்களும் சிரிச்சீங்களே.”

“நீயே இல்லன்னு சொல்லிட்ட. நான் சிரிக்கலன்னா உன்னக் கண்டுபிடிச்சிருப்பாரும்மா.”

“நல்லா காப்பாத்துனீங்க,” என்றாள். காறித் துப்பாத குறைதான். எனக்கும் கோபம் வந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு ஆமாம் என்று சொல்லத் தெரியவில்லை. பழி மட்டும் என் மேல் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். இன்று அந்த அறையில் உட்கார்ந்தாலும் அதே போலத்தான் சிரிப்பேன்.

சில வாரங்கள் கழித்து என் அறைக்கு எதிரே பேன்ட்ரியில் ஒரே கும்மாளம். என்னவென்று எட்டிப் பார்த்தேன். நடுவில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, கூட்டத்தில் நான் சிரித்த சிரிப்பைச் சிரித்துக் காட்டினாள். பிறகு என் குரலில், “சொல்ல முடியாது, சொல்ல முடியாது” என்றாள். அப்படியே நான்தான். துறைத்தலைவரிடம் நான் சொன்னதை அவரேதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற துறைத்தலைவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல கைகாரிதான், இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டே வஞ்சகம் பண்ணிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி, அவள் தோளில் தட்டினார். வாசலில் நின்ற என்னை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் அவளைப் போலப் பேசிக் காட்டியதே இல்லை. மேலே இருக்கிறவர்களைப் பார்த்துப் பையன்களும் வகுப்பில் அடங்கிவிட்டார்கள். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. என் அறைக்கு வேறு யாரும் வரவில்லை.

ஆண்டு முடிவில் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, உங்கள் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தது. ஒரு புகார் வந்தது, வந்தவர் கேட்டபடியே தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.