நாற்பத்தோராவது வரி

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் இடையில் புகுந்து கேள்வி கேட்டே கதையைக் கெடுக்கிற ஆள் நான். ரியூசன் வகுப்பில் ஒருத்தன், உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளையாக ஒரு உருவம் நடந்ததைக் கண்டேன் என்றான். எத்தனை மீற்றர் தூரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, நீ அப்போது கண்ணாடி போட்டிருந்தாயா என்று நான் துருவியதில் அவன் பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். நம்பாவிட்டால் பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். இன்னொன்று, இது இரவில் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணி, கச்சான் காற்று கூரைத் தகரங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த பளிச்சென்ற வெயில்.

முதலில் ரிஃப்கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணியாப் பெடியன். உயர்தரக் கணித வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், கணினியில் செயற்கைக்கோள் ஓட்டுவது. கேட்கத்தான் பெரிசாக இருக்கும், விஷயம் சின்னது. திரையில் ஒரு புள்ளி, அதற்கு ஒரு இடம், ஒரு வேகம். ஒவ்வொரு அடியிலும் ஈர்ப்பு அதை எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டு வேகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், பிறகு அந்த வேகத்தால் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளி தானாக வட்டம் போடும். முதல் தடவை அந்த வட்டம் மூடியபோது நாங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார்.

ரிஃப்கானிடம் ஒரு பிழை இருந்தது. ஈர்ப்பைக் கணக்கிட்டுவிட்டு, வேகத்தைத் திருப்பும் முன்னமே பழைய வேகத்தாலேயே புள்ளியை நகர்த்திவிடுவான். இந்த வரிசை மாறினால் வட்டம் மூடாது, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விரிந்துகொண்டு போகும். நூறு தரம் சொல்லியிருப்பேன்.

“விடு மச்சான், அதுக்கும் வெளிய போக ஆசை இருக்கும்தானே” என்பான்.

நாங்கள் கடைசியாகச் செய்தது இரட்டைக்கோள். நடுவில் பூமி இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரே பாரமுள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு வெறும் இடத்தைச் சுற்றும். உண்மையான செயற்கைக்கோள்களுக்கு அவ்வளவு பாரம் கிடையாது, ஆனால் கணினியில் பாரம் கொடுப்பது நாங்கள்தானே. நீலம் என்னுடையது, சிவப்பு அவனுடையது. அவனுடைய சிவப்பின் வரிசையையும் நானே திருத்திவைத்தேன், அதற்கு ஒருநாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம்தான் கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. சொந்தமாக எழுதிய நிரல் ஒன்று அனுப்ப வேண்டும், ஒரு நிரலுக்கு ஒரு பெயர்தான். யார் பெயர் என்று நான் இழுத்துக்கொண்டு நிற்க, அவன் யோசிக்கவே இல்லை.

“உன்ட பேரைப் போடு. என்ட சிவப்பை மட்டும் அழிச்சிடாத.”

அதற்கு அடுத்த கிழமை அவனுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் பத்து நிமிசம். நான் போகவில்லை. முதல் நாள் வகுப்பில் சோதனை, இரண்டாம் நாள் மழை, மூன்றாம் நாள் நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் விடிய செய்தி வந்தது. மையத்து வீட்டுக்குப் போய், அடக்கத்துக்கு வந்த சனத்துக்குள் கடைசியில் நின்றுவிட்டு அவனுடைய உம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு நாலு மாதம் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டவே இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது. அப்பாவுக்குக் கந்தளாயில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். சின்னம்மாவுக்கு ஒப்பரேசன் என்று அம்மா மட்டக்களப்புக்குப் போய் நாலு நாள். அந்த நாலு நாளும் நான் வாய் திறந்து சொன்னது கடையில் “ஒரு பாண் தாங்க” என்பது மட்டும்தான் என்றால் நம்புவீர்களா? ஜன்னலால் பார்த்தால் உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட ஒரு கப்பல், மேல்தட்டில் ஆள் அசைவே கிடையாது. கீழே கேற்றடியில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று யாரோ போட்ட கடதாசியைச் சப்பிக்கொண்டு நின்றது. இந்த ஊரை விட்டு இரண்டு கிழமையாவது வெளியே போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி இருந்தது. ‘இதிலுள்ள அனைத்தும் என் சொந்த ஆக்கம்’. அதில் சரி போட கை வரவில்லை. சிவப்பு அவன் எழுதியது. அதனால், நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்தேன், சிவப்புக்குரிய வரிகள் எல்லாவற்றையும் அழித்தேன். நடுவில் ஒரு பூமியை வைத்து நீலத்தை மட்டும் சுற்றவிடலாம் என்பது திட்டம்.

பூமியை வைப்பதற்கு முன் சும்மா ஓட்டிப் பார்த்தேன். இழுக்க ஒன்றும் இல்லாதபோது நீலம் நேர்கோட்டில் போய்த் திரையை விட்டு வெளியேற வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

நீலம் வளைந்தது.

எதையோ அழிக்காமல் விட்டிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். தேடினேன், சிவப்பின் பெயர்கூட எங்கும் இல்லை. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். புதுக் கோப்பு ஒன்று திறந்து, ஒரு எழுத்தையும் பிரதி பண்ணாமல், நீலத்தை மட்டும் கையால் அடித்தேன். இருபத்திரண்டு வரிகள். ஈர்ப்பு என்ற சொல்லே அதில் இல்லை. ஓட்டினேன். வெறும் திரையில் எதையோ சுற்றுவதுபோல நீலம் வளைந்து வளைந்து போனது.

பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் எனக்குப் பயம் வந்தால் கணக்குப் போடுகிற பழக்கம். ஒரு பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்தால் இழுப்பது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம். விசைப்பலகையில் ஒரு தரம் தட்டினால் ஒரு அடி மட்டும் நகரும்படி நிரலை மாற்றினேன். ஒரு தட்டு, கல்குலேற்றரில் ஒரு கணக்கு, தாளில் ஒரு வரி, குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு இலக்கம். பத்துப் பன்னிரண்டு வரி எழுதியதும் அவற்றைப் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தேன். சிவப்பு நிற்க வேண்டிய பக்கத்திலேயே ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

நான் திருத்துவதற்கு முந்திய வரிசை. அவனுடைய பிழை.

எழும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நாலு நாளுக்குப் பிறகு அந்த அறையில் நான் தனியாக இல்லை என்று தோன்றியது, அதை விட்டுப் போக மனம் வரவில்லை. தட்டித் தட்டி எழுதிக்கொண்டே இருந்தேன். இருபத்துமூன்றாவது வரியில் அது ஒரே அடியில் பத்துப் புள்ளி கீழே குதித்தது. 114 வர வேண்டிய இடத்தில் 104. நான் மூன்று தரம் சரிபார்த்தேன், என் கணக்கில் பிழை இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிழையான இடத்திலிருந்தே ஒழுங்காகத் தொடர்ந்தது. நாற்பத்தொன்று வரைக்கும் எழுதினேன். அடுத்த தட்டில் வளைவு நின்றது. நீலம் நேர்கோட்டில் போய்த் திரையின் ஓரத்தில் மறைந்தது. திரும்ப ஓட்டினேன், முதல் அடியிலிருந்தே நேர்கோடு. அதற்குப் பிறகு எத்தனை தரம் ஓட்டியும் நேர்கோடுதான்.

தாளை மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு பஸ் எடுத்தேன். விண்ணப்பம் மூடிய ஐந்து மணிக்கு நான் கிண்ணியாவில் இருந்தேன்.

கதவைத் திறந்த ரிஃப்கானின் உம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவில்லை, அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன், அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார்.

“ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து எழுதினது மகன். மருந்து குடுக்க வந்தாலும் கொப்பிய விடமாட்டான். உங்களுக்குத்தான் காட்டணும் எண்டான். எனக்கு இதுல ஒண்டும் விளங்கல்ல.”

கணினி இல்லாத குறைக்குக் கையால் கணக்கிட்டிருக்கிறான். சிவப்புக் கோளின் இடம், அடி அடியாக, வரிக்கு இரண்டு இலக்கம். என் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதால் முதல் வரிகள் ஒத்துப்போனதில் அதிசயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவனுடைய வரிசையில் போட்டால் அதே சுருள்தான் வரும், அதுவும் சரி. இருபத்துமூன்றாவது வரிக்கு வந்தேன். கூட்டும்போது மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை மறந்திருந்தான். 104 என்று எழுதியிருந்தான்.

கணினி கூட்டலில் ஒன்றை மறப்பதில்லை. அந்தக் கொப்பியை அதற்கு முன் நான் கண்டதே இல்லை.

“சரியா எழுதியிருக்கானா மகன்?” என்று உம்மா கேட்டார்.

சரி என்றேன், ஒரு இடத்தில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டான் என்றேன். அவர் சிரித்தார், நாலு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிற ஆள் போல. “சின்னதில இருந்தே அப்பிடித்தான். அவசரக் குடுக்கை.”

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தோராவது வரி. முதல் இலக்கம் இருந்தது, என் தாளில் உள்ள அதே இலக்கம். இரண்டாவது எழுதப்படவில்லை. அந்த இடத்தில் பேனை முனை பட்ட ஒரு புள்ளி மட்டும்.

“பாதியில விட்டுட்டான். உங்களுக்குத் தெரியும்தானே, அதை மட்டும் நிரப்பித் தாங்க. வெறுமனே இருக்கிறதப் பார்க்க ஏலாம இருக்கு.”

என் தாளில் நாற்பத்தோராவது வரியில் இரண்டு இலக்கங்களும் இருக்கின்றன. அவன் எழுதாத அந்த இலக்கம் அப்போது என் கையில் இருந்தது. பிறகு எழுதித் தாறன் உம்மா என்று சொல்லிக் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது மாதத்தில் இரண்டு தரமாவது கிண்ணியாவுக்குப் போகிறேன். போகும்போதெல்லாம் உம்மா கேட்கிறார், போன கிழமையும் கேட்டார். கொப்பி என் மேசையில்தான் இருக்கிறது, தாள் அதற்குள்ளேயே மடித்தபடி. அவனுடைய நாற்பதாவது வரியிலிருந்து கணக்கிட்டால் விடுபட்ட இலக்கம் என்ன வர வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிசம் போதும். என் தாளில் உள்ளதும் அதுவும் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும்.

எதையும் சரிபார்க்காமல் விடாத ஆள் நான். அந்த ஒரு கணக்கை மட்டும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.