உள்ளே ஒன்பது பேர், சாவி என் இடுப்பில்

மாரியாத்தாளை நம்பியிருக்கும் எல்லோருக்கும் போடியிலிருந்து பாண்டியம்மாள் சொல்லிக்கொள்வது. இது அவள் எனக்குச் செய்த உதவியைப் பற்றிய சாட்சி. ஆனால் படித்து முடித்ததும் என்னைப் பெரிய பக்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போன ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில், நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் தீப்பிடித்தது. இரண்டாவது மாடியில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். முன்பக்கப் படிக்கட்டில் தீ. பின்பக்கக் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியது நான். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் கோயிலில் இருந்தேன்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. பதினெட்டு வருடமாக ஒரே முதலாளியிடம் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் கீழே ஒரு பார்சல் ஆபீஸ், முதல் மாடியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டும் கம்ப்யூட்டர் வகுப்பும், அதற்கு மேல் நாங்கள். கட்டடம் எல்லோருக்கும் பொது. பொது என்றால் படிக்கட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று அர்த்தம். படிக்கு அடியில் பார்சல்காரர்களின் அட்டைப்பெட்டியும் சாக்கும் குவிந்து கிடக்கும், அதற்கு நேர் மேலே மின்சார மீட்டர் பெட்டிகள். தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர் ஒன்று எங்கள் வாசலில் தொங்கியது. மழைக்காலத்தில் அதில்தான் குடை மாட்டுவோம்.

வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை நிறம் போய்விடும், விலையும் இறங்கிவிடும். அதனால் எங்கள் ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். அதோடு, ஒரு கைப்பிடி காய் என்பது சின்ன விஷயமில்லை. வேலை முடிந்து போகும் ஒவ்வொருத்தியும் முன்வாசல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, என் கண் முன்னால் சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். போக வர ஒரே வாசல். பின்பக்கம் ஒரு கதவும், அதற்கு வெளியே சந்துக்குள் இறங்கும் இரும்புப் படியும் உண்டு. அந்தக் கதவுக்கு வெளியே பூட்டு, உள்ளே மூடைகள். பூட்டச் சொன்னது முதலாளி. மூடை அடுக்கியது என் சொந்த யோசனை. பாண்டியம்மாள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று எனக்கு அப்படியொரு கர்வம்.

எங்களிடம் பேச்சி என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். ராசிங்காபுரத்துப் பெண். புருஷன் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை, வாரம் ஒரு தடவை இறங்கி வருவான். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் அவள் மடியை உதறியபோது நாலைந்து காய் விழுந்தது. எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசிவிட்டேன். "திங்கிற சோத்துல மண்ணைப் போடுறியேடி" என்று கேட்டேன். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க வெளியே போனால்கூட, பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்த்துத் தலையாட்டும் வரை நகர மாட்டாள். ஆள் வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைகாசியில் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் சொல்லித் தருவதற்காக. வருகிறார்கள் என்று தெரிந்ததும் மூடைகளை நகர்த்தி, பூட்டைக் கழற்றி, பின்கதவை விரியத் திறந்து வைத்தேன். "இது எப்பவும் தொறந்தேதான் இருக்குமாம்மா?" என்று அதிகாரி கேட்டார். "எப்பவும் தொறந்துதான் சார் கெடக்கும்" என்றேன். நெற்றியில் திருநீறு, வாயில் பொய். லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் எல்லோரையும் அனுப்பவில்லை. எங்கள் பெண்களில் செல்வராணியையும் இன்னொருத்தியையும் மட்டும் கீழே அனுப்பினேன். செல்வராணி திரும்பி வந்து, புகை வந்தால் குனிந்து தவழ்ந்து போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கைப் பொத்த வேண்டும், வெளியே போய் ஓரிடத்தில் நின்று தலையை எண்ண வேண்டும் என்று செய்து காட்டினாள். அவள் தவழ்ந்ததைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிகாரி தெரு முனை தாண்டுவதற்குள் நான் கதவைப் பூட்டிவிட்டேன்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் நின்றால் திரை போட்டிருக்கிறது.

"அலங்காரம் ஆகுது ஆத்தா. இன்னும் ஒரு மணி நேரமாகும்" என்றார் பூசாரி.

எனக்கு வந்ததே கோபம். வருடம் பூராவும் விளக்குப் போடுகிறேன், இன்றைக்கு முகத்தைக் காட்டக்கூட மனசில்லையா உனக்கு என்று திரையைப் பார்த்தே திட்டினேன். சோலி கிடக்கிறது என்று விறுவிறுவெனத் திரும்பி நடந்தேன். அந்தத் திரை மட்டும் விலகியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், தீபாராதனை பார்த்து, கூழ் வாங்கிக் குடித்து, நிதானமாக வந்திருப்பேன். என்னை அங்கிருந்து விரட்டியது யார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

தெரு திரும்பும்போதே புகை நெடி அடித்தது. கட்டடத்துக்கு எதிரே கூட்டம். மீட்டர் பெட்டியில் பொறி பறந்து, கீழே கிடந்த சாக்கில் பிடித்துவிட்டதாம். பார்சல் ஆட்களும் முதல் மாடிக்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். அதற்குள் படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. மேலே இருந்தவர்களால் இறங்க முடியவில்லை. ஜன்னலில் கறுப்புத் தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பாண்டிக்கா, உங்க ஆளுக ஒருத்தரும் வரலக்கா!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

பின் சந்துக்கு ஓடினேன். இரும்புப் படியில் கால் வைக்கும்போதே மேலே கதவை இடிக்கும் சத்தம். மூடைகளுக்கு மேலாகப் பல கைகள் இடித்தன. "அக்கா! அக்கா!" என்று செல்வராணியின் குரல் கேட்டது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. சாவியைப் பூட்டில் போட்டேன், திரும்பவில்லை. வைகாசியிலிருந்து திறக்காத பூட்டு, மழையில் துருப்பிடித்துக் கிடந்தது. கை வியர்த்து வழுக்கியது. சாவி ஒரு தடவை கீழே விழுந்து படியின் ஓரத்தில் நின்றது. சந்துக்குள் விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். "தாயே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்தப் பூட்டு மட்டும் தொறக்கட்டும். எம் பாவத்துக்கு இவளுகளை எடுத்துக்கிறாத." இத்தனை வருடத்தில் அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வரன், முழங்கால் வலி. உயிரைப் பிழிந்து கேட்டது அன்றைக்குத்தான். மறுபடி திருப்பினேன், திரும்பியது.

கதவு ஒரு சாண்தான் விலகியது. மூடைகள். "இழுங்கடி, வெரசா இழுங்கடி!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவர்கள் இழுக்க, வெளியேயிருந்து நான் தள்ள, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி வந்தது. ஒவ்வொருத்தியாகத் தவழ்ந்து வந்தார்கள். மூக்கில் ஈர முந்தானை. குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரில் செல்வராணி எல்லோரையும் நனைக்கச் சொல்லியிருக்கிறாள். வைகாசியில் நாங்கள் பார்த்துச் சிரித்த அதே தவழல். மூன்றாவதாக வந்தவள் படியில் நின்று, இருமிக்கொண்டே, என்னைப் பார்த்து மடியை உதறினாள். பழக்கம். அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

கட்டடத்துக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நிறுத்தி செல்வராணி எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

"பேச்சி எங்கடி?"

யாருக்கும் தெரியவில்லை. புகையில் பின்னால் வருகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் மேலே ஓடப் பார்த்தேன், டீக்கடைக்காரர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அந்த நேரம் தீயணைப்பு வண்டி வந்தது. செல்வராணி ஓடிப்போய், "ஒன்பது பேரு சார், எட்டுப் பேரு வந்துட்டோம், ஒருத்தி இரண்டாவது மாடில இருக்கா" என்று தெளிவாகச் சொன்னாள். எண்ணாமல் விட்டிருந்தால் எல்லோரும் வந்துவிட்டதாகவே நினைத்திருப்போம்.

முகமூடி மாட்டிய இரண்டு பேர் பின்படி வழியாகவே ஏறினார்கள். பேச்சி முன்வாசல் பெஞ்சுக்குப் பக்கத்தில் கிடந்தாளாம். தூக்கி வந்தபோது உதடெல்லாம் கரி, கை தொங்கியது. அவளைப் பார்த்த அதிகாரி, வைகாசியில் வந்த அதே அதிகாரி, என் இடுப்புச் சாவிக்கொத்தையும் பார்த்தார். அப்படியே வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

முதலில் போடி ஆஸ்பத்திரி, அங்கிருந்து தேனி பெரியாஸ்பத்திரி. மூச்சுக்குழாயெல்லாம் புகை, நினைவில்லை என்றார்கள். சாயங்காலம் அவள் புருஷன் வந்தான். "ஜீப்பு கெடைக்கலக்கா, காய் லோடு வண்டில தொத்திக்கிட்டு வந்தேன்" என்றான். யாரோ சொல்லியிருக்க வேண்டும், என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நீங்க தொறந்து விடலேன்னா ஒம்பது பொணம் விழுந்திருக்கும்னாங்க."

நான் காலை இழுத்துக்கொண்டேன். ஊரே அப்படித்தான் பேசியது. பாண்டிக்கா காப்பாற்றினாள், ஆத்தாளே அவள் உருவத்தில் ஓடி வந்தாள் என்றார்கள். கோயிலில் மாலை போட வேண்டும் என்றுகூடப் பேச்சு எழுந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை எனக்குத்தானே தெரியும்.

இரண்டு நாள் அந்த வராண்டாவிலேயே கிடந்தேன். சோறு இறங்கவில்லை. தீச்சட்டி எடுக்கிறேன், அங்கப்பிரதட்சிணம் செய்கிறேன் என்று நேர்ந்துகொள்ள வாய் வரவில்லை. இதெல்லாம் செய்தால் இன்னும் பெரிய பக்தை என்பார்கள். கடைசியில் இப்படி நேர்ந்துகொண்டேன். "தாயே, அவ கண்ணு முழிக்கட்டும். முழிச்சா, பூட்டுனது நாந்தான்னு நாலு பேருக்கு முன்னால சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கண் விழித்தாள். நர்ஸ் வந்து சொன்னதும் வராண்டாவிலேயே விழுந்து கும்பிட்டேன். இதைவிடப் பெரிய உபகாரம் என் வாழ்க்கையில் எனக்கு யாரும் செய்ததில்லை. உள்ளே விட்டதும் அவள் தலைமாட்டில் நின்று, "ஏண்டி அங்க போயி நின்ன? எல்லாரும் பின்னால போனாகளே" என்று கேட்டேன்.

குரல் காற்றாக வந்தது. "நீங்க வந்து மடியைப் பாக்காம எப்பிடிக்கா போறது? போனா மறுபடி களவாணிம்பீக."

அன்றைக்கே அவள் புருஷனிடம் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். முதலாளியிடம் சொன்னேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றார். "ஆமா மொதலாளி, இன்னும் ஒரு கண்ணு இருக்குல்ல" என்றேன். பின்கதவுக்கு இப்போது உள்ளே தாழ்ப்பாள் மட்டும்தான், உள்ளே இருக்கும் யாரும் நீக்கித் திறக்கலாம். அதன் முன்னால் ஒரு முறம்கூட வைக்க விடமாட்டேன். படிக்கடியில் கிடந்ததைப் பார்சல்காரர்களோடு சண்டை போட்டு அகற்ற வைத்தேன். ஜன்னல்களில் தாளுக்குப் பதில் திரை. மாதம் ஒரு நாள் செல்வராணி விசில் ஊதுவாள், கட்டடத்தில் உள்ள எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று எண்ணுவோம். நானும் தவழ்கிறேன், முழங்கால் வலியோடு. மடி உதறுவது நின்றுவிட்டது. காய் குறைந்ததாக இதுவரை முதலாளி சொன்னதில்லை.

என்னைப் போல் நம்புகிறவர்களே, அவளிடம் கேளுங்கள், கொடுப்பாள். என்னைப் போன்ற பாவிக்கே கொடுத்தாள். ஆனால் கும்பிடப் போகுமுன் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்றும் பாருங்கள்.

பேச்சி திரும்ப வேலைக்கு வரவில்லை. குரல் இன்னும் சரியாகவில்லை. புரட்டாசியில் ராசிங்காபுரம் போய் அவள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அன்னைக்கி அந்தக் காய நான் எடுக்கலக்கா. பிரிக்கையில மடியில விழுந்திருக்கும்" என்றாள்.

"தெரியும்டி" என்றேன். "அன்னைக்கே தெரியும்."