கப்பல் தளத்தில் ஒரு தொட்டி

ஒரு மிருகத்தைத் தொடுவதற்கு முன்னால் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளுக்குள் செருகி வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குக் குளிரில் நடுங்குகிறார் என்று தோன்றும். எஃகு மேசை எப்போதும் சில்லென்றிருக்கும். அதன்மேல் ஏற்றப்பட்ட நாய்க்கு அடுத்துப் படுகிற கையாவது சூடாக இருக்கட்டுமே என்பது அவர் எண்ணம். பிறகு புறங்கையை அதன் மூக்கருகே நீட்டிவிட்டு, அது முகர்ந்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணோடு கண் பார்த்தால் மிரண்டுவிடும். அப்புறம் ஒரு கை தாடைக்கடியில், ஒரு கை வயிற்றைச் சுற்றி. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் எதுவுமே தொடங்காதபோதே, அதன் காதில் "அவ்ளோதான், அவ்ளோதான்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அது ஒரு செல்லப்பிராணி கிளினிக். நான் முன்னறையில் போன் எடுப்பவன், டோக்கன் கொடுப்பவன், அழுகிறவர்களுக்கு நாற்காலி காட்டுபவன். அவர் உள்ளே, பிடிப்பவர். டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் பிடியக்கா. பிடி என்றால் பெண்யானை என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதான் காட்டுக்கு விடாம இங்க கட்டிப்போட்டிருக்காங்க" என்றார். மேசை இழுப்பறையில் நான் ஒளித்து வைத்திருந்த கவிதைப் புத்தகத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. புரட்டிப் பார்த்து, "பாதியில பாதியில வரி மடங்கிடுதே, தாள் பத்தலையா தம்பி?" என்பார்.

ஆனால் அந்தப் புத்தகத்தை நம்பித்தான், கிளினிக் திறக்காத ஒரு காலையில், போனை என் முன்னால் வைத்தார். கவிதை படிக்கிறவனுக்கு ஒற்றெழுத்து எங்கே வரும் என்று தெரிந்திருக்கும் என்பது அவர் கணக்கு. திரையில் ஒரு கதை இருந்தது. அவர் எழுதியது.

தொலைக்காட்சியில் முன்பு ஒரு கப்பல் தொடர் வந்தது. மூழ்கிய கப்பல்களைத் தேடிப் போகும் ஒரு பழைய கப்பல், அதில் சில ஆட்கள். கப்பலைத் திருப்பும் சுக்கான்காரன் சின்னப் பையன், வாய் ஓயாதவன். ஒரு நாள் ஏதோ ஒரு கடல்பிராணி அவன் கையைக் கடித்துவிடுகிறது. கடிபட்ட இடத்தில் ஈரமான மயிர் முளைக்கிறது. அத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை ரசிகர்களே ஆளாளுக்கு எழுதி ஒரு இணையதளத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் கதையில் அவன் மெல்ல மெல்ல நீர்நாயாகிக்கொண்டிருந்தான்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு இதுன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பிறகு மகனைப் பற்றிச் சொன்னார்.

ஒரே மகன். வீட்டுக்காரர் எப்போதோ விலகிப்போய்விட்டார். அந்தத் தொடரைத் தாயும் பிள்ளையும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு பார்த்தவர்கள். பிறகு பையன் கல்லூரிக்குப் போனான், பாதியில் திரும்பி வந்தான், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அடித்தார்களா, கேலி செய்தார்களா, எதிலாவது தோற்றானா, எதுவும் தெரியாது. இரண்டு வருஷமாகத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வேலைக்கு வருகிறார். திரும்பிப் போகும்போது தட்டு காலியாக இருக்கும். அவர் வீட்டில் இருக்கும்வரை சாப்பாடு தொடாமல் கிடக்கும். கவுன்சிலரைக் கூட்டிவந்து பார்த்தார். கதவோடு பேசிவிட்டு அவரும் போய்விட்டார். ஆனால் அந்த இணையதளத்தில் மகன் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும்போதே அங்கே தனக்கு 'ஈரத்துண்டு' என்று பெயர் வைத்துக்கொண்டதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தான். இப்போதும் அந்தப் பெயரில் ஒருவன் மற்றவர்களின் கதைகளுக்கு அடியில் கருத்து எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் இருப்பவனோடு பேச அவருக்கு அது ஒன்றுதான் வழி. 'உப்புக்காற்று' என்று ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

முதல் அத்தியாயம் நான் பார்ப்பதற்கு முன்பே வெளியாகிவிட்டிருந்தது. சுக்கான்காரன் காய்ச்சலில் கிடக்கிறான். கப்பலின் சமையல்காரம்மா வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஒரே பத்தியில் மயிர், மீசை, வால் எல்லாம் முளைத்துவிடுகின்றன. அடியில் ஈரத்துண்டு எழுதியிருந்தான்: "மீசை வந்ததும் நீர்நாயா? அப்ப எங்க பெரியப்பா யாரு?" அதற்குக் கீழே இன்னொரு வரி: "உடம்பு மாறுறது வெறும் செய்தி. அவன் யாருன்னு அதுல தெரியணும்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகன் அவரிடம் பேசிய வார்த்தைகள் அவை. பெரியப்பாவின் மீசையை நினைத்துச் சிரித்துச் சிரித்து, அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த இணையதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி உருமாறும் கதை எழுதுகிறவர்கள், ஆள் மறுபடி மனிதனாவானா மாட்டானா என்று தலைப்புக்குக் கீழே முதலிலேயே குறி போட்டுவிட வேண்டும். 'மீள்வான்' அல்லது 'மீளான்'. துக்கம் தாங்காதவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்பதற்காக. போட்ட குறியை நடுவில் மாற்றுகிறவரை அங்கே யாரும் மதிப்பதில்லை. அக்கா யோசிக்கவே இல்லை. மீள்வான் என்று போட்டிருந்தார். வேறென்ன போடுவார்?

அடுத்த அத்தியாயங்களை நிதானமாக எழுதினார். காலையில் சீக்கிரம் வந்து, கூண்டறையைக் கழுவிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார். நான் ஒற்றுப் போட்டுக் கொடுப்பேன். கதையை ஒருபோதும் தொடமாட்டேன். தொட வேண்டியும் இருக்கவில்லை. மேசைமேல் தினம் பார்ப்பதையே அவர் எழுதினார். வலிக்கிற மிருகம் கத்தாது. சத்தம் குறைந்துபோகும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். யாராவது பார்த்தால் சாப்பிடாது. சுக்கான்காரனுக்கு முதலில் மாறியது தோலோ நகமோ இல்லை என்று எழுதினார். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவன், தட்டை எடுத்துக்கொண்டு கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் போனான். அதற்கு அப்புறம்தான் விரலிடுக்கில் சவ்வு வளர்ந்தது.

ஈரத்துண்டு ஒரே ஒரு சொல் எழுதினான்: "சரி."

ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் நாய்க்காரர்கள் காகிதத்தை எப்படி நீட்டுவார்களோ, அப்படிப் போனை என்னிடம் நீட்டினார்.

பிறகு அவன் நீளமாக எழுத ஆரம்பித்தான். சுக்கான்காரன் எதில் பெருமைப்பட்டானோ அது முதலில் போக வேண்டும், அவனுக்குக் குரல்தான் பெருமை, அது போகட்டும் என்றான். அவனுக்கு எது தேவையாக இருந்து கேட்க முடியாமல் போனதோ அது உடம்பில் வர வேண்டும் என்றான். குளிர்ந்த தண்ணீருக்கு நடுங்குகிறவன் அவன், கப்பலில் யாரிடமும் சொன்னதில்லை, அதனால்தான் மயிர். அக்கா பதிலுக்கு, அப்படியானால் இது அவனுக்கு நல்லதுதானா என்று கேட்டார். "நல்லதுன்னு சொல்லலை. வேற வழி இல்லாதப்ப உடம்பு ஒரு வழி பண்ணிக்கும்" என்று வந்தது.

அந்த வரியை நான் கவிதைப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். அன்று ஒரு பூனை அக்காவின் மணிக்கட்டைப் பிறாண்டியதுகூட ரத்தம் சொட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கடைசி அத்தியாயம் நெருங்கியபோது இருவருக்கும் தகராறு வந்தது. குறியை மாற்றுங்கள் என்றான் ஈரத்துண்டு. மீண்டுவிட்டால் இது வெறும் காய்ச்சல், வந்தது போனது, இவ்வளவு தூரம் மாறியதற்கு அர்த்தமே இல்லை என்றான். மற்ற வாசகர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். சொன்ன வாக்கு என்னாவது, இதை நம்பித்தானே படித்தோம் என்றார்கள். அக்கா பொறுமையாக எழுதினார்: அவன் கப்பலுக்கு வேணும், சுக்கானை யார் பிடிப்பது, அந்தக் கையால் பிடிக்க முடியாதே. அதற்கு அவன் எழுதியது:

"திரும்ப மனுஷனானாத்தான் வச்சுக்குவாங்கன்னா அது என்ன கப்பல்? சுக்கானை வேற யாராவது பிடிக்கட்டும். தளத்துல ஒரு தொட்டி வச்சு தண்ணி ஊத்துங்க. போதும். அவன் அங்கேயே இருப்பான்."

அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினார். "தொட்டியிலயே எத்தனை நாள் இருப்பான் தம்பி? ஆயுசு பூராவுமா? நான் போனப்புறம் யார் தண்ணி ஊத்துவா?" என்றார். சமையல்காரம்மாவைத்தான் அவர் 'நான்' என்றார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். இரண்டுமாகத்தான் இருந்திருக்கும்.

விடுமுறை நாளில் உட்கார்ந்து அவர் கடைசி அத்தியாயத்தை எழுதினார். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மகன் இருந்தான். சமையல்காரம்மா அவன் முன்னங்காலை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருக்கிறாள். சவ்வு உலர்ந்து உதிர்கிறது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. அவன் எழுந்து நடந்து போய்ச் சுக்கானைப் பிடிக்கிறான். அதைவிட நன்றாக அவர் எழுதியதில்லை. வாசகர்கள் கொண்டாடினார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஈரத்துண்டு எழுதினான்: "அழகா இருக்கு. வாழ்த்துகள்."

"அழகா இருக்குன்னு போட்டிருக்கான்" என்றார் அக்கா. முகம் அப்படிப் பூரித்திருந்தது. அறிமுகமில்லாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தில்தான் வாழ்த்துகள் என்று எழுதிவிட்டு வருவோம் என்று எனக்குப் பட்டது. அவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மகன் கதவைத் திறந்துவிடுவான் என்று டாக்டரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கதவு திறந்தது. வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது அறை விரியத் திறந்து கிடந்தது. படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டைக் கழுவிச் சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்தான். போனில் ஒரு செய்தி: வேலைக்குப் போகிறேன், தேட வேண்டாம். அதன் பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. போலீஸில் வயது வந்த பையன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா வேலைக்கு வராத ஒரு நாள் டாக்டர் என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார். அந்த அறை வாசலில், தினமும் தட்டு வைத்து எடுத்த இடத்தில், தரை வட்டமாக வெளுத்திருந்தது. அக்கா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அவர் பார்த்து நடக்கவில்லை. கால் தானாக விலகியது.

"தொட்டியைத்தான் கேட்டான்" என்றார். "வச்சிருக்கலாம். எழுத்துதானே, வச்சா என்ன குறைஞ்சிருக்கும்?"

பிறகு வைத்தார். முடிந்த கதைக்கு மேல் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். குறியையும் மாற்றினார். சுக்கான்காரன் மறுபடி மாறுகிறான், இந்த முறை யாரும் பதறவில்லை, தளத்தில் பெரிய மரத்தொட்டி வருகிறது, ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஏமாற்றுக்காரி என்றார்கள். அக்கா ஒவ்வொரு வசவையும் கடைசிவரை படித்தார், நடுவில் எங்காவது அந்தப் பெயர் இருக்குமோ என்று. இல்லை. ஈரத்துண்டு தன் கணக்கையே நீக்கிவிட்டிருந்தான். பழைய கருத்துகள் இருந்த இடங்களில் வெற்றுக் கட்டங்கள் மட்டும் இருந்தன. பெரியப்பாவின் மீசையும் போய்விட்டது.

மறுபடி வேலைக்கு வந்தார். கையை அக்குளில் வைத்துச் சூடாக்கினார், புறங்கையை நீட்டினார், சுவரைப் பார்த்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. மேசைமேல் மிருகங்கள் முன்னைவிட அதிகம் திமிறின.

அவருக்கென்று ஓர் ஆறுதல் மிஞ்சியிருந்தது. அதைப் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார், முன்னறையில் யாருமில்லாத நேரங்களில், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து. "எழுதினது நான்தான்னு அவனுக்குத் தெரியாது தம்பி. யாரோ ஒரு பொம்பளை எழுதின கதைதானே அவனுக்கு. அம்மா தொட்டி வைக்க மாட்டேன்னு சொன்னதா ஆகாதுல்ல?" நான் ஆகாது என்பேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போவார்.

மழை விடாமல் பெய்த ஒரு பகலில் கிளினிக்குக்கு ஒரு போன் வந்தது. இளைஞன் குரல், பேசிப் பழக்கம் விட்டுப்போனது போல் ஒவ்வொரு சொல்லாக வந்தது. அங்கே பிடிக்கிற வேலையில் இருப்பவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டது. உள்ளேதான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றது. நான் போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.

"ஒற்றுப் போட்டுக் கொடுத்தது நீங்கதானா?" என்று கேட்டான். "அம்மாவுக்கு ஒற்று வராது."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"முதல் அத்தியாயத்துலயே. அவனைத் தூக்கி மடியில வைக்கறதுக்குள்ள அந்தச் சமையல்காரம்மா அவ்ளோதான், அவ்ளோதான்னு சொல்லுவாங்களே. இன்னும் ஒண்ணுமே ஆரம்பிச்சிருக்காது. எங்க அம்மாவைத் தவிர யாரு அப்படிச் சொல்லுவா?"